தேயிலைச் சாயத்தில் மூன்று விரல்

குணபூசணியின் வீட்டு வாசலுக்கு நாகலெட்சுமி வந்தபோது முதுகில் கொழுந்துக்கூடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பாதி நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்குக் கங்காணியிடம் என்ன பேச்சு விழும் என்பது மலையகத்துப் பொகவந்தலாவையில் எல்லோருக்கும் தெரியும். அதையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிது.

குணபூசணி ஓய்வுபெற்ற தபால் அதிபர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வுக்குப் பிறகும் இந்தக் குளிரை விட்டுப் போக மனமில்லாமல் கடைத்தெரு முடிவில் வாடகை வீட்டில் தங்கிவிட்டார். காணாமல் போன ஆட்டிலிருந்து கோயில் உண்டியல் சாவி வரை பலதையும் கண்டுபிடித்துக் கொடுத்ததால், ஊரில் வில்லங்கம் என்றால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"மிஸ், எம் புள்ளைய ஊர விட்டே அனுப்பப் பாக்குறாங்க. மத்தியான பஸ்ஸுக்குப் பையெல்லாம் கட்டியாச்சாம். மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கையில வந்து சொல்றாங்க."

"முதல்ல கூடைய இறக்குங்கோ. இருந்து, தொடக்கத்திலயிருந்து சொல்லுங்கோ."

நாகலெட்சுமி உட்காராமலேயே சொன்னாள். அவளுடைய தம்பி கணேசமூர்த்தி கடைத்தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்துக் கையாலேயே வயலின் செய்கிறவர். நாகலெட்சுமியின் மகன் வினோஜன் அங்கே மரம் செதுக்குகிறான். சாயமிடுவதும் வார்னிஷ் பூசுவதும் அங்கேயே வேலை செய்கிற நிலக்ஷி என்ற பெண்ணின் பொறுப்பு. இரண்டு பேருக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். இடித்துத் தள்ளிய பழைய தேயிலை ஆலையின் பலகையில் இப்போது ஒரு வயலின் செய்திருக்கிறார்கள். கொழும்புக் கண்காட்சிக்கு அது நிலக்ஷியின் பெயரில் போகிறது, ஏனென்றால் தேயிலைச் சாயத்தால் மரத்துக்கு நிறம் கொடுப்பது அவள் கண்டுபிடித்த முறை. நேற்று வெள்ளிக்கிழமை மாலை பட்டறையைப் பூட்டும்போது வயலின் நன்றாக இருந்தது. இன்று காலை திறந்து பார்த்தால் முகப்பலகையில் கறுப்புக் கறை.

"சாவி ரெண்டுதான் மிஸ். ஒண்ணு எந்தம்பிகிட்ட, ஒண்ணு எம்மகன்கிட்ட. போன வாரம் இவன் ஒரு பேச்சுப் பேசிட்டான், 'செதுக்குனவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தருக்கா'ன்னு. இப்ப எல்லாரும் அதையே புடிச்சிக்கிட்டாங்க. அந்தப் புள்ள கல்யாணமே வேணாங்குது."

"உங்கட மகன் என்ன சொல்லுறார்?"

"அதான் மிஸ் எனக்குப் புரியல. 'நான் செய்யல'ன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறானாம்."

"நீங்கள் கறையைப் பாத்தனீங்களோ?"

"இல்ல மிஸ். எனக்குப் பட்டறையில என்ன வேல? நான் நேரா இங்கதான் வாரேன்."

குணபூசணி குடையை எடுத்தார். குடையை எடுத்தால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த துஷாந்துக்கும் அந்த அர்த்தம் தெரியும். ஆட்டோ ஓட்டுவது அவன் பிழைப்பு என்றால் துப்பறிவது அவன் பைத்தியம். இதுவரை அவன் சந்தேகப்பட்ட ஒருவர்கூடக் குற்றவாளியாக இருந்ததில்லை. அதனால் அவன் சற்றும் மனம் தளர்ந்ததும் இல்லை.

"அந்தப் பொண்ணுதான் மிஸ்," என்றான் வண்டி கிளம்பிய உடனே, நாகலெட்சுமி பின்னால் இருப்பதையும் மறந்து. "கல்யாணத்துல இஷ்டமில்ல. பழிய மாப்பிள்ள மேல போட்டா சோலி முடிஞ்சுது."

"ரோட்டைப் பாத்து ஓட்டும்," என்றார் குணபூசணி.

பட்டறை சரிவில் கட்டிய தகரக் கூரைக் கொட்டகை. கணேசமூர்த்தி வாசலிலேயே நின்றார். முகம் இறுகிக் கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகலெட்சுமி வாசல்படி ஏறாமல் வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டாள்.

கொட்டகைக்குள் மரத்தூளும் பசையும் கலந்த வாசனை. சுவரில் பிள்ளையார் படம், வங்கி நாட்காட்டி, வரிசையாக உளிகள். உத்தரத்துக் கொக்கியிலிருந்து, சன்னலை ஒட்டி, அந்த வயலின் தலைகீழாகாமல் நேராகத் தொங்கியது. பக்கத்துச் சன்னல் சட்டத்தில் கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் இருப்பதுபோலக் கட்டுக்கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும். பழம் பளபளவென்று இருந்தது, மிளகாயின் காம்புகூட வாடவில்லை. கீழே சாயம் சொட்டாமலிருக்க விரித்த பழைய செய்தித்தாள்.

வயலினின் நிறத்தைப் பார்க்கக் குணபூசணி கிட்டப் போனார். பால் கலக்காத நல்ல சாயத்தேநீரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியும் செம்பழுப்பு அது. அந்த அழகுக்குக் கீழே, அடிவிளிம்பை ஒட்டி, மூன்று கறுப்புத் தடங்கள். பக்கத்தில் பக்கத்தில், நீள்வட்டமாக, ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு. பூசி இழுத்த கோடு எங்கேயும் இல்லை.

"பூட்டும்போது இது இருக்கேல்லை எண்டு நிச்சயமோ?"

"டோர்ச் அடிச்சுப் பாத்தேன் மிஸ்," என்றாள் நிலக்ஷி. கண்கள் அழுது வீங்கியிருந்தன, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "மத்தியானம் கடைசிப் பூச்சு பூசினேன். பனி மூட்டம், பொழுதுபட்டும் ஈரம் காயல. ஆனா ஒரு புள்ளி கூட இல்ல."

"நேற்று ஆரும் உள்ளுக்கு வந்தவையோ?"

"யாரும் வரல மிஸ்."

"வெளியாள் நிழல்கூட படல," என்றார் கணேசமூர்த்தி. "நாங்க மூணு பேருதான்."

"இது என்ன கறுப்பு, பிள்ளை?"

"இரும்பு மிஸ். தேயிலைச் சாறுல இரும்பு பட்டா கறுத்துரும். தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற கத்தியப் பாத்திருப்பீங்களே, அந்த மாதிரி. அதனாலதான் நான் சாயத்த எனாமல் சட்டியில காய்ச்சுறேன், தகரப் பூண் போட்ட தூரிகைகூடத் தொடுறதில்ல." அவள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த வினோஜனைப் பார்த்தாள். "இது அவருக்கும் தெரியும். நேத்துப் பொழுதுபடுற வரைக்கும் வாசல்ல உளி தீட்டிக்கிட்டு இருந்தது அவருதான். கையெல்லாம் இரும்பு."

துஷாந்த் குனிந்து செய்தித்தாளை ஆராய்ந்தான். நிமிர்ந்தபோது விரல்நுனியில் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. "யாரோ ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டிருக்காங்க மிஸ்," என்றான் பெரிய கண்டுபிடிப்புப் போல.

"சாயம் வச்சிருக்கிற எடத்துல நாங்க பச்சத் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல," என்றாள் நிலக்ஷி.

குணபூசணி அந்த விதையை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு வயலினுக்குக் கீழே போய் நின்று கையை மேலே நீட்டினார். அவர் நடுத்தர உயரம். அவருடைய விரல் வயலினின் நடுவில் பட்டது. கறை அதற்கு நன்றாகக் கீழே இருந்தது.

வினோஜன் வெளியே திண்டில் பையோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றபோது கூரை விளிம்பு தலையில் இடித்துவிடும்போல் இருந்தது, அத்தனை நெட்டை.

"நீர் தொட்டனீரோ?"

"பஸ் வந்துரும் மிஸ்."

"இல்லை எண்டு சொல்லும். நான் நம்புவன்."

அவன் குழாயடியில் நின்ற அம்மாவை ஒருமுறை பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மிஸ். மாமா போகச் சொன்னா போறேன். அம்மாவ மட்டும் மாமா கோவிக்காம பாத்துக்கிட்டா போதும்."

குணபூசணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் காப்பாற்ற அம்மா ஓடி வந்திருக்கிறாள். மகனோ போகிற நேரத்தில் அம்மாவுக்காகக் கேட்கிறான். ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கறைக்கு அவள்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லையே.

"துஷாந்த், இஞ்ச கிட்டடியில மூண்டு ரோட்டு சந்திக்கிற இடம் எது?"

"ரோடு வளையுற முடக்குல மிஸ். எதுக்கு?"

"வாரும்."

முடக்குச் சந்தியில் புல்லோரமாகக் குணபூசணி குனிந்து நடந்தார். உடைந்த தேங்காய் ஓடு, வாடிய பூ, கரிக்கட்டை. அதற்கிடையில், துருப்பிடித்த கம்பியில், அழுகிக் குழைந்த ஒரு எலுமிச்சம்பழமும் சுருங்கிய மிளகாய்களும். மிளகாய் ஒன்று வெடித்து விதை வெளியே தெரிந்தது. அவர் அதை வாழையிலைக் கிழிசலில் எடுத்தபோது துஷாந்த் இரண்டடி பின்னால் போனான்.

"மிஸ், அது கண்ணூறு கழிச்சுப் போட்ட கழிப்பு. அத மிதிக்கவே கூடாதுன்னு சொல்வாங்க, நீங்க கையில எடுக்குறீங்களே."

"ஆரின்ரையோ கண்ணேறு எனக்கு வந்தால் வரட்டும். உமக்கு ஒண்டும் வராது, பயப்பிடாதையும்."

திரும்பி வந்ததும் அவர் எல்லோரையும் பட்டறைக்குள் கூப்பிட்டார். மகனின் தோளுக்குக்கூட எட்டாத நாகலெட்சுமி தயங்கித் தயங்கிக் கதவோரம் வந்து நின்றாள். பை தோளில் தொங்க வினோஜனும் வந்தான். நிலக்ஷி அவன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

வயலினுக்குப் பூசிய அதே சாயம் பூசிய ஒரு பலகைத் துண்டைக் குணபூசணி கேட்டு வாங்கி, ஈரத்துணியால் துடைத்து மேசையில் வைத்தார். துஷாந்தை உளி தீட்டிய இடத்து இரும்புத்தூளை விரலில் தொட்டு ஓரிடத்தில் வைக்கச் சொன்னார். தூள் பொறிப்பொறியாக ஒட்டியது. சாணைக்கல்லில் கிடந்த கறுத்த சேற்றைத் தொட்டு இன்னோரிடத்தில் வைக்கச் சொன்னார். உடனே சாம்பல்நிறச் சகதி அப்பிக்கொண்டது. மூன்றாவதாக வாழையிலையைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அதிலிருந்த எதையோ தன் விரலாலேயே தொட்டு வைத்தார். ஈரம் பட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். நிறம் மாறவில்லை.

"மூணாவது ஒண்ணுமில்லையே," என்றான் துஷாந்த்.

"ஒண்டுமில்லை. எல்லாருக்கும் பிளேன்டி கிடைக்குமோ?"

கணேசமூர்த்திக்கு எரிச்சல். ஆனாலும் வீட்டுக்கு வந்த பெரியவர் தேநீர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் போய் ஊற்றி வந்தார். தேநீர் பாதி குடித்திருக்கும்போது கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. வினோஜன் பையைச் சரிசெய்தான்.

"இரும் தம்பி," என்றார் குணபூசணி. "உம்மை அனுப்பிறதெண்டால் அடுத்த பஸ்ஸும் இருக்கு."

பஸ் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போய்விட்டது. குணபூசணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"பூட்டின அறைக்குள்ள ராவோட ராவா கை வந்தது எண்டு எல்லாரும் நினைக்கிறியள். பூட்டேக்க கறை இல்லை, திறக்கேக்க இருந்தது. சரிதான். ஆனா கை வந்த நேரமும் கறை வந்த நேரமும் ஒண்டாத்தான் இருக்க வேணுமோ? உந்தத் துண்டைப் பாருங்கோ."

எல்லோரும் குனிந்தார்கள். இரும்புத்தூள் வைத்த இடத்தில் பொறிப்புள்ளிகள். சேறு வைத்த இடத்தில் சகதி. ஒன்றுமே இல்லாமல் இருந்த மூன்றாவது இடத்தில் இப்போது விரல்நுனி அளவில், விளிம்பு சுத்தமாக, ஒரு நிழல் எழும்பியிருந்தது. வயலினில் இருந்த கறையின் பிள்ளைபோல இருந்தது அது.

"விடியக்குள்ள இன்னும் நல்லாக் கறுக்கும்," என்றார் குணபூசணி. "உளி தீட்டின கை பட்டிருந்தால் துகளும் சகதியும் இருக்கும், பூட்டேக்க நிலக்ஷியின்ர டோர்ச்சில தெரிஞ்சும் இருக்கும். இது துகள் இல்லை. புளிப்பில கரைஞ்ச இரும்பு. கரைஞ்சதால கண்ணுக்குத் தெரியேல்லை, காத்துப் பட்டுப் பட்டு மெல்ல மெல்லக் கறுத்தது. அந்தக் கை பூட்டுறதுக்கு முதலே வந்து போயிட்டுது."

"ஆனா யாரும் வரலையே மிஸ்," என்றாள் நிலக்ஷி.

"அப்பிடித்தான் எல்லாரும் சொன்னியள். பொய்யும் சொல்லேல்லை." அவர் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அந்த எலுமிச்சம்பழம் புதுசு. நேற்று வெள்ளிக்கிழமை. பழசைக் கழட்டிப் புதுசு கட்ட ஆரோ வந்திருக்க வேணும். ஆனா வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்த வாற ஆளையும் கண்ணேறு கழிக்க வாற ஆளையும் ஒருத்தரும் 'வந்தவை' எண்டு எண்ணுறதில்லை. அந்த ஆளும் தன்னை எண்ணுறதில்லை. ஒரு வாரமா துருக்கம்பியில ஊறி அழுகின பழம், கழட்டேக்க கையில குழைஞ்சு வழிஞ்சிருக்கும். மிளகாய் விதை ஒண்டு கீழ விழுந்திருக்கும்."

கதவோரத்தில் ஒரு சிறு சத்தம் கேட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர. வினோஜன் பார்த்தான். பார்த்துவிட்டுக் குணபூசணியின் முகத்தைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான்.

குணபூசணி சற்றுத் தயங்கினார். இதற்கு மேல் சொல்வது அவருக்கும் எளிதாக இல்லை. சொல்லாமல் விட்டால் இந்தப் பையன் அடுத்த பஸ்ஸில் போய்விடுவான் என்பதும் தெரிந்தது.

"கெடுக்க வந்த கை இப்பிடித் தொடாது," என்றார் மெதுவாக. "கெடுக்கிற கை அப்பி இழுக்கும், நடுவில பூசும். இது மூண்டு விரல் நுனி. பட்டும் படாமலும் வச்சு எடுத்திருக்கு. கோயில் படியைத் தொட்டுக் கண்ணில ஒற்றிறமே, அப்பிடி. அதுவும் எட்டி, அடிவிளிம்பில. உயரம் குறைஞ்ச ஒரு ஆள். பிள்ளையள் ரெண்டுபேரும் சேர்ந்து செய்த சாமானுக்கு ஒரு கண்ணும் படக்கூடாது எண்டு கும்பிட்டுப் போன கை."

நாகலெட்சுமி தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கொழுந்து எடுத்து எடுத்துக் கறை ஏறிய விரல்கள். அதில் புதிதாக ஒரு கறுப்பு ஏறியிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

"நான்தான்," என்றாள். "நாந்தான் மிஸ். கோயிலுக்குப் போற வழியில கட்டிட்டுப் போனேன். அந்தப் புள்ள குழாயடியில தூரிகை கழுவிக்கிட்டு இருந்திச்சு. தொங்குறத பாத்தேன், அவ்வளவு அழகா இருந்திச்சு. ஈரமாட்டம் இருக்கேன்னுகூட நெனைக்கல. கும்பிட்டுட்டுத்தான் போனேன்." அவள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "எம் பிள்ள தலையில நானே மண்ணப் போட்டுட்டேனே."



"இனி ஒரு விஷயந்தான் மிச்சம்," என்றார் குணபூசணி. "தம்பி வாசலில உளி தீட்டிக்கொண்டு இருந்தவர். அம்மா தொட்டதைக் கண்டவர். விடியக் கறையைக் கண்டதும் அது என்னெண்டு விளங்கின முதல் ஆள் இவர்தான். 'நான் இல்லை' எண்டு சொன்னால் அடுத்த கேள்வி 'அப்ப ஆர்' எண்டு வரும். அதாலதான் வாயைத் திறக்கேல்லை."

நாகலெட்சுமி மகன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நெசமாவா? தெரிஞ்சுமா பைய கட்டின?"

வினோஜன் தோளிலிருந்த பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நீ இனிமே எந்தச் சாமியத் தொட்டாலும் கையப் பாத்துக்கிட்டே இருப்பம்மா," என்றான். "எனக்குக் கொழும்புல வேல கெடைக்கும். சாமி கும்பிட உனக்கு அந்தக் கை வேணும்ல."

தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. துஷாந்த் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாகக் கண்ணைத் தேய்த்தான். கணேசமூர்த்தி மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். சுவரோரம் போய், மரம் சுரண்டும் தகட்டை எடுத்து வந்து மருமகன் முன்னால் நீட்டினார்.

"கறை மேலாகத்தான் எறங்கியிருக்கும். முகப்பலகைய நீயே சொரண்டு. மெலிஞ்ச எடத்துல என் கை நிக்காது."

வினோஜன் பையை இறக்கினான். நிலக்ஷி கொக்கியிலிருந்து வயலினைக் கழற்றினாள். அவனிடம் கொடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவனைத் தாண்டிக் கதவோரம் போனாள்.

"காலையில அவர நான் ரொம்பப் பேசிட்டேன் அத்தை," என்றாள். வயலினை இரண்டு கையாலும் ஏந்தி நாகலெட்சுமியின் முன்னால் பிடித்தாள். "சொரண்டுறதுக்கு முந்தி இன்னொரு தரம் தொட்டுக் கும்பிடுங்க."

நாகலெட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். கை சேலைக்குள்ளேயே இருந்தது. நிலக்ஷி நகரவில்லை. கடைசியில் அந்தக் கை வெளியே வந்தது. சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்து, மூன்று விரலால் மரத்தைத் தொட்டு அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வினோஜன் தகட்டைக் கையில் எடுத்தான்.